பொட்ஸுவோலியில் தினமும் தரை ஆடுகிறது: அடியில் இருக்கிற வெந்நீர்தான் காரணமா?

கடியபட்டணம்_டீச்சர் (கேள்வி)

எங்கள் அக்கா கன்னியர் சபையில் சேர்ந்து இத்தாலிக்குப் போனவர். இப்போது நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்ஸுவோலி என்கிற கடற்கரை ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் சேவை செய்கிறார். ஜெபமாலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். முன்பெல்லாம் ஊர்த் திருவிழா, மீன் விலை, யார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் என்று பேச்சு போகும். இப்போது போனை எடுத்ததும் "இன்றைக்கும் ஆடிச்சு" என்பதுதான் முதல் வார்த்தை.

2025 மார்ச் 13 அன்று நள்ளிரவு தாண்டி 4.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. இல்லத்தில் நடக்க முடியாத பாட்டிமாரைச் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குக் கொண்டுவந்து, போர்வை போர்த்தி, விடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். ஜூன் 30 அன்று பட்டப்பகலில் மறுபடியும் 4.6. சின்னச் சின்ன ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

அக்கா ஒரு படம் அனுப்பினார். ஊரின் சிறிய படகுத்துறை. படகுகள் எல்லாம் தரை தட்டிச் சாய்ந்து கிடக்கின்றன, சுவரில் பாசி படிந்த கோடு தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிகிறது. கடல் பின்வாங்கிவிட்டதா என்று கேட்டேன். கடல் அங்கேயேதான் இருக்கிறது, தரைதான் மேலே ஏறிவிட்டது என்றார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

அங்கே ஆட்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்களாம். எரிமலைக் குழம்பு மேலே வருகிறது என்கிறார்கள் சிலர். இல்லை, அடியில் வெந்நீரும் வாயுவும் அடைபட்டு நெருக்குவதால் ஆடுகிறது என்கிறார்கள் மற்றவர்கள். தண்ணீரால் எப்படிப் பாறையை உலுக்க முடியும்? எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் பயம் வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு "நிலநடுக்கம்" என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்குப் படபடப்பு வந்துவிடும். அங்கேயும் கடல் ஏறி வருமா என்று தினமும் கேட்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் அம்மாவிடமும் அக்காவிடமும் பேச உதவியாக இருக்கும்.

நாகர்கோவில்_வாசி (பதில்)

எரிமலை இருக்கிற இடத்தில் தரை ஏறுகிறது என்றால் குழம்பு மேலே வருகிறது என்றுதான் அர்த்தம். தண்ணீர், வாயு என்பதெல்லாம் ஜனங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வது. தண்ணீர் பட்டு பாறை வழுக்குமா என்ன? உடனே டிக்கெட் போட்டு ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

மட்லாகர்_கருங்கல் (பதில்)

டீச்சர், நான் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் மட் லாகராக, அதாவது தோண்டும்போது கிணற்றில் நிரப்புகிற 'மட்' என்ற சேற்றுக் கலவையைக் கண்காணிப்பவனாக, இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். நடுவில் கொஞ்ச காலம் ஜாவாவில் எரிமலை அடிவாரத்து நீராவிக் கிணறுகளிலும் வேலை பார்த்தேன். பாறைக்குள் இருக்கிற தண்ணீரின் பிரஷரைக் கணக்குப் பார்த்ததுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே எழுதிய தம்பி சொன்னதில் ஒன்று சரி. தண்ணீர் பாறையை வழுக்க வைப்பதில்லை. அது செய்கிற வேலை வேறு. மணலில் ஏறிக் கிடக்கிற வள்ளத்தை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. ஒரு அலை வந்து அடியில் புகுந்ததும் அதே நாலு பேர் தள்ளினால் போய்விடும். வள்ளத்தின் எடையில் ஒரு பங்கை அலை ஏந்திக்கொண்டதால் அது மணலை அழுத்துவது குறைந்தது, பிடிப்பும் குறைந்தது. தள்ளுகிற கைகள் மாறவில்லை. பூமிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பழைய பிளவுகளின் இரண்டு பக்கப் பாறையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும், அவற்றை நகர்த்தப் பார்க்கிற விசையும் எப்போதும் இருக்கும். பிளவுக்குள் இருக்கிற தண்ணீரின் பிரஷர் ஏறினால் இறுக்கம் தளரும். ஒரு கட்டத்தில் பாறை நழுவும். அந்த நழுவல்தான் நிலநடுக்கம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரஷரை அளக்கிற அலகு பார், 10 மீட்டர் தண்ணீருக்கு 1 பார். அப்படியானால் 1 கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் பிரஷர் சுமார் 100 பார். மேலே இருக்கிற பாறையின் எடை சுமார் 250 பார். 3 கிலோமீட்டரில் இது 300க்கு 750. தண்ணீர் மேலே வரை கசிந்து போக வழி இருந்தால் 300லேயே நிற்கும். மேலே மூடி விழுந்து, கீழேயிருந்து சூடும் வாயுவும் வந்து சேர்ந்தால் 400, 500 என்று ஏறும். ஏற ஏற, பாறையை இறுக்கிப் பிடிக்க மிச்சம் இருப்பது குறைந்துகொண்டே போகும்.

ரிக்கில் இரவு பகலாக இந்தப் பிரஷரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கிணற்றில் நிரப்புகிற மட்டின் எடை குறைவாக இருந்தால் பாறையிலுள்ள தண்ணீரோ வாயுவோ உள்ளே பாயும். அதற்கு கிக் என்று பெயர். மட் தொட்டியின் மட்டம் காரணமில்லாமல் ஏறினால் உடனே டிரில்லருக்குக் குரல் கொடுக்க வேண்டும். சரி என்று மட்டின் எடையைக் கூட்டினால் பாறை வாய் திறந்து அந்த மட் முழுவதையும் குடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில கிணறுகளில் மிகக் குறுகலாக இருக்கும். ஸ்கிரீனில் எண் சிறிது மாறும், கீழே கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் பாறை பிளந்திருக்கும். அதனால் தண்ணீருக்கு இத்தனை பலமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஸ்கிரீன்தான் கண்முன் வரும்.

இது வெறும் ஊகமும் அல்ல. அமெரிக்காவில் டென்வர் நகருக்குப் பக்கத்தில் ராணுவ ரசாயனக் கழிவுநீரை அகற்ற 3,671 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு தோண்டினார்கள். 1962 மார்ச்சில் உள்ளே செலுத்த ஆரம்பித்தார்கள், சில வாரங்களிலேயே நிலநடுக்கங்கள் தொடங்கின. 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரியவை வந்தது 1967இல். பிரஷர் பாறைக்குள் மெதுவாகப் பரவுகிறது, நிறுத்திய பிறகும் பரவிக்கொண்டிருக்கும். அப்புறம் அதே மாகாணத்தில் ரேஞ்சலி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை வேண்டுமென்றே சோதித்தார்கள். பிளவுப் பகுதியில் பிரஷரைச் சுமார் 260 பாருக்கு மேல் ஏற்றினால் ஆட்டம், கீழே இறக்கினால் அமைதி. தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எரிமலைப் பகுதியில் இந்தக் கதைக்கு இன்னொரு பாகம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். ஜாவாவில் பழுது பார்க்க ஒரு நீராவிக் குழாயை அறுத்தபோது உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இருந்தது. சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். சுத்தியலால் தட்டினால் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். ஆழத்தில் வெந்நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வருகிறது, மேலே வந்து ஆறும்போதும் கொதிக்கும்போதும் அதைப் படிய விடுகிறது. குழாய்க்குள் நடப்பது பாறை வெடிப்புகளுக்குள்ளும் நடக்கும். தண்ணீர் தான் வந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. அடைபட்டதும் கீழே பிரஷர் ஏறும். ஏறி ஏறி ஒரு நாள் அடைப்பை உடைக்கும், ஆட்டம் வரும், தண்ணீரும் வாயுவும் கொஞ்சம் தப்பிப்போகும், பிறகு மெல்ல மறுபடியும் அடைபடும். ஒரே பெரிய நிலநடுக்கமும் பின்அதிர்வுகளும் என்றில்லாமல், கூட்டம் கூட்டமாகச் சின்ன ஆட்டங்கள் வந்து ஓய்ந்து வருவதற்கு இது முக்கியமான காரணம்.

இப்போது அக்காவின் ஊருக்கு வருகிறேன். பொட்ஸுவோலி காம்பி ஃபிளெக்ரெய் என்ற பெரிய எரிமலைப் பள்ளத்தின் நடுவில் இருக்கிறது. கடைசியாக அது வெடித்தது 1538இல். பக்கத்தில் சான் வீட்டோ என்ற இடத்தில் நீராவிக்காகத் தோண்டிய கிணற்றில் 3 கிலோமீட்டர் ஆழத்திலேயே சுமார் 400 டிகிரி சூடு இருந்தது. என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு கிணறு கிடைத்திருந்தால் தூக்கமே வந்திருக்காது. அந்த ஆழத்தில்தான், பெரும்பாலும் 3, 4 கிலோமீட்டருக்குள், அங்கே நிலநடுக்கங்களும் நடக்கின்றன. இவ்வளவு மேலோட்டமாக நடப்பதால்தான் 4.6 அளவே அந்த ஊரைத் தூக்கிப்போடுகிறது.

1982 முதல் 1984 வரை அங்கே தரை 1.8 மீட்டர் ஏறியது. ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள், சுமார் 40,000 பேரை வெளியேற்றினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளில் தரை மெல்ல மெல்லத் தாழ்ந்து, ஏறியதில் ஏறத்தாழ பாதி இறங்கிவிட்டது. குழம்பு மட்டும்தான் காரணம் என்றால் அது இவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போகாது. கசிந்து வெளியேறக்கூடிய ஒன்று அங்கே இருந்தது என்பதற்கு இது நல்ல அடையாளம். 2005இலிருந்து மறுபடியும் ஏறி, இப்போது 1 மீட்டரைத் தாண்டிவிட்டது. அதைத்தான் படகுத்துறைப் படத்தில் பார்த்தீர்கள்.

விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆழத்திலிருந்து குழம்பு விடுகிற வாயுதான் மூலம் என்கிறார்கள் ஒரு சாரார். 2025இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டிசியானா வனோரியோவின் குழு, மலைகளில் பெய்கிற மழை நிலத்தடியில் இறங்கி அடைபட்ட நீர்த்தேக்கத்தின் பிரஷரை ஏற்றுவதுதான் முக்கியம், அந்த நீரை வடித்துவிட்டால் ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று எழுதியது. என் மனம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சூடும் வாயுவும் கீழேயிருந்து வராமல் இந்த இயந்திரம் ஓடாது. ஆனால் பாறையை நழுவ விடுகிற கடைசிக் கை தண்ணீரின் பிரஷருடையது.

குழம்பே பாறையைக் கிழித்துக்கொண்டு கிளம்பினால் அதன் வேகம் வேறு. 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் ஊருக்கு அடியில் சில மணி நேரத்துக்குள் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு பாய்ந்தது, அன்றிரவே ஊரைக் காலி செய்தார்கள். தண்ணீரின் பிரஷர் பரவுகிற ஆட்டங்கள் பெரும்பாலும் அப்படி ஓடாது. முதலில் சற்று வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் விரியும். ஆட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை அங்கே இரவு பகலாகக் கவனிப்பது இதற்காகத்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: 2004இல் நம் கரையை அழித்த கடல், 9.1 அளவுள்ள நிலநடுக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலடி உடைந்ததால் எழுந்தது. 4.6 அளவால் அப்படிப்பட்ட சுனாமி எழாது.

கடியபட்டணம்_டீச்சர் (பதில்)

அண்ணாச்சி, மனசு நிறைந்த நன்றி. அக்காவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். அடைபட்டதுதான் பிரச்சினை என்றால், தண்ணீர் வெளியே வந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடுமா? அப்புறம் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்டார்கள்: நம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரும், ஆயிரம் அடி போர்வெல்லும் இப்படிச் செய்யுமா?

தக்கலை_நகானோ (பதில்)

டீச்சர், நான் தக்கலைக்காரன், ஜப்பானில் நகானோ நகரத்தில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. இங்கே மத்சுஷிரோ என்ற பகுதியில் மினாகாமி என்று ஒரு சின்ன மலை. பழைய எரிமலைக் குழம்பு இறுகிக் குவிந்தது. 1965 ஆகஸ்டில் அதன் அடியில் ஆட்டம் தொடங்கியது. பக்கத்திலேயே நிலநடுக்க ஆய்வகம் இருந்தது. உலகப் போரின் கடைசியில் அரசாங்கத்தையும் ராணுவத் தலைமையகத்தையும் ஒளித்துவைக்கக் குடைந்த சுரங்கத்துக்குள் அதன் கருவிகள் இருந்தன. அதனால் ஒவ்வொரு ஆட்டமும் பதிவானது. மொத்தம் 7,00,000க்கும் மேல். மனிதர்கள் உணர்ந்தவை மட்டும் 60,000க்கும் மேல். 1966 ஏப்ரலில் ஒரே நாளில் 500க்கும் மேல் உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது 5.4தான்.

பிறகு நிலத்தில் வெடிப்புகள் விழுந்து தண்ணீர் பொங்கி வந்தது. சாதாரண ஊற்றுத் தண்ணீர் அல்ல, உப்பும் கரியமில வாயுவும் கலந்தது, ஆழத்திலிருந்து வந்தது. மொத்தம் சுமார் 1 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனையும் வெளியேறிய பின் ஆட்டம் படிப்படியாக அடங்கியது, ஏறியிருந்த தரையும் தாழ்ந்தது. அதனால் ஆமாம், வெளியேறினால் அடங்கும். ஆனால் வெளியேறுவதும் சும்மா நடக்கவில்லை. ஊறிப்போன மலைச்சரிவு 1966 செப்டம்பரில் சரிந்து வீடுகளை அழித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே மாநிலத்தின் எல்லையில் ஒன்டாகே மலை இருக்கிறது. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை மதியம், மலையேறிகள் உச்சியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அது வெடித்தது. குழம்பு வெளியே வரவில்லை. அடியில் அடைபட்ட நீராவிதான் பாறையைப் பிய்த்து எறிந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். வெறும் தண்ணீர்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

மட்லாகர்_கருங்கல் (பதில்)

தக்கலைத் தம்பி எழுதியது அருமை. ஒன்டாகேயை நான் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

டீச்சர், பிள்ளைகளின் கேள்விக்கு. அணைத் தண்ணீரால் நிலநடுக்கம் வருவது உண்மைதான், அதற்கு உலகமே சொல்கிற உதாரணம் நம் நாட்டில்தான் இருக்கிறது. மகாராஷ்டிராவில் கொய்னா. 103 மீட்டர் உயர அணை. 1962இல் தண்ணீர் தேக்கத் தொடங்கியதும் சின்ன ஆட்டங்கள் வந்தன, 1967 டிசம்பர் 10 அன்று 6.3 அளவில் பெரியது வந்தது, சுமார் 180 பேர் இறந்தார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறுவதை ஒட்டி அங்கே இன்றும் ஆட்டம் கூடுகிறது. கொய்னாவின் மேற்பரப்பு முழுவதும் பழைய எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்தான், ஆனால் அந்த எரிமலைகள் அணைந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அங்கே சூடு வேலை செய்வதில்லை. மேலே ஏறும் தண்ணீரின் எடையும், பிளவு வழியாகக் கீழே இறங்கும் பிரஷரும்தான்.

பேச்சிப்பாறை நிரம்பினால் 48 அடி. 10 மீட்டர் தண்ணீருக்கு 1 பார் வீதம் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், ஒன்றரைப் பார் அளவுதான் வரும். கொய்னாவில் அதைப்போல எத்தனை மடங்கு என்றும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அத்துடன் ஏற்கெனவே நழுவும் நிலைக்கு வந்துவிட்ட பிளவு அடியில் இருந்தால்தான் கூடுதல் பிரஷர் அதைத் தட்டிவிடும். பேச்சிப்பாறை 1906இலிருந்து நிரம்பிக்கொண்டும் வற்றிக்கொண்டும் இருக்கிற அணை.

போர்வெல் விஷயம் நேர் எதிர். நாம் தண்ணீரை உள்ளே செலுத்துவதில்லை, இழுக்கிறோம். ஆயிரம் அடி என்பது 300 மீட்டர் சொச்சம், ஆட்டங்கள் நடப்பது கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில். போர்வெல்லால் நமக்கு வருகிற கேடு வேறு: கிணறு வற்றும், கடலோரத்தில் உப்பு ஏறும். உங்கள் கடியபட்டணத்துக்கு அதுதான் பெரிய கவலை. அதைப் பிள்ளைகளிடம் தனியாகவே ஒரு பாடமாகப் பேசலாம்.

அக்கா விஷயத்தில், டிக்கெட் போட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். அவரை நம்பி எழுந்திருக்க முடியாத பாட்டிமார் இருக்கிறார்கள். ஆனால் இவற்றைக் கேளுங்கள். அந்த வட்டாரம் 2012 டிசம்பரிலிருந்து மஞ்சள் எச்சரிக்கையில், அதாவது சாதாரண நிலைக்கு அடுத்த, கவனமாகக் கண்காணிக்கும் படியில் இருக்கிறது. நேப்பிள்ஸில் உள்ள வெசுவியுஸ் ஆய்வகம் வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறது. தரை மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது, ஆட்டங்களின் ஆழம் என்ன, வாயுவில் என்ன மாற்றம் என்று அதில் இருக்கும். பக்கத்து வீட்டார் பேச்சைவிட அதை நம்பலாம். கட்டடத்தின் சுவரையும் கூரையையும் இன்ஜினியர் பார்த்தாரா என்று கேளுங்கள், 4.6 அளவில் ஆளைக் கொல்வது பழைய சுவர்தான். இல்லத்துக்கு நிலவறை இருந்தால் யாரும் இறங்கித் தங்க வேண்டாம். அந்த ஊரில் நீராவி புகைகிற சோல்ஃபாத்தாரா என்ற எரிமலைப் பள்ளத்தின் மண்ணிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கான டன் கரியமில வாயு வெளியேறுகிறது. அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் தேங்கும், வாசனையும் கிடையாது.

வெடிப்பு வரும் என்று தெரிந்தால் காலி செய்ய வேண்டிய பகுதியாகக் குறித்த சிவப்பு மண்டலத்தில் உள்ள சுமார் 5,00,000 பேரையும் 72 மணி நேரத்தில் வெளியேற்றத் திட்டம் இருக்கிறது. பொட்ஸுவோலி மக்கள் போய்த் தங்க ஒதுக்கிய மாநிலம் வடக்கே லொம்பார்டி. அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வண்டி யார் அனுப்புவது, மருந்துப் பட்டியல் யார் கையில் என்பதெல்லாம் முன்கூட்டியே நகராட்சியில் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லத்திலுள்ள பாட்டிமார் எல்லோருடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அக்காவை இந்த வாரமே நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.